காசு கொடுத்து வாங்கிய சத்தம்!

குமாரபாளையத்துக்காரனைச் சத்தம் போட்டு எழுப்புவது ரொம்பக் கஷ்டம். ராத்திரி பூரா 'டக்கட... டக்கட...' என்று தறி ஓடுகிற ஊர். பிறந்த குழந்தைக்கே அதுதான் தாலாட்டு. நாங்கள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவது எப்போது தெரியுமா? கரன்ட் போய், தறி நின்று, ஊர் அமைதியாகும்போது! 'ஐயையோ, என்னாச்சு?' என்று வாசலுக்கு ஓடிவருவோம்.

அப்பேர்ப்பட்ட ஊரையே எழுப்பிவிடுகிற ஜீவன் ஒன்று இப்போது வீதிக்கு ஒன்று இருக்கிறது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு பைக்கில் வரும். பின்னால் ஒரு குழாய். அதற்குப் பெயர் சைலன்ஸர். அதில் இல்லாத ஒரே விஷயம், சைலன்ஸ்! தெருமுனை திரும்பும்போது 'பட்பட்பட்... டமார்!' நாலு நாய், ரெண்டு குழந்தை, ஒரு ஹார்ட் பேஷன்ட்... எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள்.

போன மாதம் என் மச்சினன் புது பைக்கோடு வாசலில் வந்து நின்றான். 160 சிசி. பிளாஸ்டிக் கவர்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தவன் கேட்ட முதல் கேள்வி:

"மாமா... வண்டி சூப்பர். ஆனா சத்தமே வரல. எந்த சைலன்ஸர் போடலாம்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் அனுபவஸ்தன். அதாவது, அடிபட்டவன்!

2018-ல் என்னிடம் ஒரு 150 சிசி பைக் இருந்தது. கார்புரேட்டர் வண்டி. நல்ல வண்டி. என்ன குறை என்றால், நான் ஆபீஸுக்கு வருவது யாருக்கும் தெரியாது. போவதும் தெரியாது. (லீவு போட்டால்கூடத் தெரியாது என்பது வேறு விஷயம்!) பக்கத்து ஸீட்காரர் புல்லட் வைத்திருந்தார். அவர் பவானி பாலத்தில் வரும்போதே இங்கே வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துவிடுவார். பொறாமை வராமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். சுவர் பூராவும் சைலன்ஸர்கள் வாழைத்தார் மாதிரி தொங்கின. புல்லட்டுக்கு என்றே ஒரு தனி அகராதி: ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், மெகாபோன், கோல்ட் ஸ்டார், டால்ஃபின், இந்தோரி... கோல்ட் ஸ்டார் என்பது பி.எஸ்.ஏ. என்ற பழைய இங்கிலீஷ் கம்பெனி பைக்கின் பெயர். மற்றதில் பெரும்பாலானவை நம் நாட்டுக் கற்பனை வளம். என் வண்டிக்கு ஏற்றது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, பளபளவென்று அறுகோணத்தில் ஒரு டப்பா. மேலே 'அக்ரபோவிச்' ஸ்டிக்கர்.

"இம்போர்ட்டட் ஸார். ரேஸ்ல போடறது. பிக்கப் எகிறும்!"

விலை 2,800 ரூபாய். அக்ரபோவிச் நிஜமான கம்பெனிதான். ஸ்லோவேனியா நாட்டில், பைக் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த இகோர் அக்ரபோவிச் தொடங்கியது. உலக சாம்பியன் பைக்குகளில் அவர்கள் சாமான் இருக்கிறது. அசலின் விலைக்கு ஒரு பழைய டூவீலரே வாங்கலாம். ஸ்லோவேனியா எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரருக்கு எப்போதுமே தெரியாது. அடுத்த மழையில் ஸ்டிக்கர் பாதி உரிந்து 'போவிச்' என்று நின்றது. அதற்கடுத்த மழையில் அதுவும் போவிச்சு!

ஆனால் அன்றைக்கு... ஸ்டார்ட் செய்ததும் ஒரு 'க்ர்ர்ராங்' வந்தது பாருங்கள், உச்சந்தலை வரை புல்லரித்தது. ஸேலம் ரோட்டில் ஒரு திருகு திருகினேன். பறக்கிற மாதிரி இருந்தது. ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். 55!

வேகம் காதில்தான் கூடியிருந்தது. சக்கரத்தில் இல்லை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும் பத்தாயிரம் ரூபாயும் ஆனது. உங்களுக்கு இந்த வாரப் பத்திரிகை விலைதான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

சைலன்ஸர் என்றால் சத்தத்தை அடக்க ஒட்டவைத்த டப்பா, அதைக் கழற்றினால் இன்ஜின் 'அப்பாடா' என்று மூச்சுவிடும் என்றுதான் நம்மில் பலபேர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் காசு போகிறது.

இன்ஜினுக்குள் பெட்ரோல் வெடிக்கிறது. எரிந்த வாயு, வால்வ் திறந்ததும் பயங்கர அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வெடி. புல்லட் ஐடிலில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. ஆக 500. நொடிக்கு எட்டு. காதால் ஒவ்வொன்றாகக் கேட்கிற அளவு நிதானம். அதனால்தான் அது 'தட்... தட்...' என்று பேசுகிறது. சின்ன இன்ஜின் பல ஆயிரம் சுற்றில் ஓடும்போது வெடிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு 'ங்ங்ங்' ஆகிவிடுகின்றன. அதில் எந்தக் குழாயை மாட்டினாலும் புல்லட் குரல் வராது. தகரம் கிழிகிற குரல்தான் வரும்.

இந்த வெடிகளை அடக்க 1897-லேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் மஃப்ளருக்குப் பேடன்ட் வாங்கிவிட்டார்கள். இன்றைய கம்பெனி சைலன்ஸரை அறுத்துப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டி அறைகள், ஓட்டை போட்ட குழாய்கள், தடுப்புத் தகடுகள். வாயு ஒரு அறையில் விரிந்து, ஓட்டை வழியாக நுழைந்து, திரும்பி, அடுத்த அறைக்குப் போகும். சத்த அலைகள் ஒன்றோடொன்று மோதி அங்கேயே சண்டை போட்டு ஓய்ந்துவிடும். வெளியே வருவது மிச்சம் மீதி.

நாம் வாங்கி மாட்டுகிற 'ஃப்ரீ ஃப்ளோ' சைலன்ஸரில் இந்த அறையெல்லாம் இல்லை. நேர்க்குழாய் ஒன்று. சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. மலிவுச் சரக்காக இருந்தால் நாலு மாதத்தில் பஞ்சு எரிந்து, வாய் வழியாக இழை இழையாக வெளியே வரும். அப்புறம் சத்தம் இன்னும் 'இம்ப்ரூவ்' ஆகும்!

வழி அகலமாக இருந்தால் வாயு சுலபமாகப் போகுமே, நல்லதுதானே? இதையே என் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். சைலன்ஸர் மாட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மேம்பாலம் ஏறும்போது முன்பெல்லாம் நாலாவது கியரில் போகிற வண்டி, மூன்றாவதுக்கு இறங்கச் சொல்லி அழுதது.

"அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது..."

"சத்தம் இழுக்குதுங்கள்ல?" என்றார் நிமிர்ந்து பார்க்காமல்.

அப்புறம் ஒரு பாடம் எடுத்தார். "வாய்க்கால்ல தண்ணி பார்த்திருக்கீங்கல்ல? குறுகலா இருக்கற எடத்துல வேகமாப் பாயும். அதே தண்ணிய அகலமான குட்டையில உட்டா? சோம்பேறியா நிக்கும். புகையும் அப்புடித்தானுங்க. கம்பெனிக்காரன் உங்க இன்ஜின் அளவுக்குக் கொழாய் சைஸ் போட்டிருக்கான். வேகமாப் போற புகை, பின்னாடி இருக்கற புகையையும் சேத்து இழுத்துட்டுப் போகும். நீங்க ஊருக்குள்ள நாப்பதுல போற ஆளு. எம்பதுக்கு மேல போறவனோட கொழாய எதுக்கு மாட்டுனீங்க?"

'பேக் பிரஷர் வேண்டும்' என்று பலபேர் சொல்வார்கள். உண்மையில் எந்த இன்ஜினும் பின்னழுத்தத்தை விரும்புவதில்லை. அது விரும்புவது வாயுவின் வேகத்தை. குழாய் அளவு மாறினால், குறைந்த சுற்றில் அந்த வேகம் போய்விடுகிறது. டிராஃபிக்கில் நமக்கு வேண்டிய இழுவையும் கூடவே போய்விடுகிறது.

இன்னொன்றும் நடந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் 'டமார் டமார்' என்று பின்னால் பட்டாசு. எனக்கோ ஏகப் பெருமை. ரேஸ் பைக் மாதிரியே இருக்கிறதே! அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். இளம்பழுப்பாக இருக்கவேண்டிய முனை, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. புகை போகிற வழியை மாற்றினால் காற்று வருகிற கணக்கும் மாறும். பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் கலவையில் காற்று கூடிப்போகும். இன்ஜின் சூடாகும். எரியாமல் தப்பித்த பெட்ரோல் சைலன்ஸருக்குள் போய் வெடிக்கும். நான் பட்டாசு என்று நினைத்தது இன்ஜினின் இருமல்! கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டு, இரண்டு முறை ட்யூன் செய்து சமாளித்தார். இருமல் நின்றது. மைலேஜ் 48-லிருந்து 41-க்கு இறங்கியது.

குழாயில் ஒளிந்திருந்த ரகசியம்

இந்த இடத்தில் ஒரு பெரியவர் குறுக்கிடுவார். "தம்பி, எங்க காலத்துல ஆர்.எக்ஸ். 100-க்கு..." என்று ஆரம்பிப்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-ல் வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி. 1996-ல் தயாரிப்பு நின்றுபோனாலும், இன்றைக்கும் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அது டூ ஸ்ட்ரோக். அதில் புகை போகிற வழியில் வால்வே கிடையாது. புதுப் பெட்ரோல் உள்ளே வருகிற நேரத்தில் புகை போகிற கதவும் திறந்தே இருக்கும். புதுச் சரக்கில் கொஞ்சம் வெளியே நழுவிவிடும். நழுவியதை மறுபடி உள்ளே தள்ளுவது யார்? சைலன்ஸர்!

இந்த வித்தையைச் செம்மைப்படுத்தியவர் வால்ட்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் எம்.இஸட். என்ற கம்பெனியின் இன்ஜினீயர். 1950-களில், கையில் பெரிதாகக் காசு இல்லாத தொழிற்சாலையில் உட்கார்ந்துகொண்டு, கூம்பு, நடுவில் வயிறு, மறுபடி கூம்பு என்று ஒரு குழாய் வடிவத்தைக் கொண்டுவந்தார். வெளியே போன அழுத்த அலை கடைசிக் கூம்பில் முட்டி, சரியான நொடியில் திரும்பி வந்து, நழுவிய பெட்ரோலை இன்ஜினுக்குள் தள்ளிவிடும். 1961-ல் அவருடைய 125 சிசி பைக் 25 குதிரைசக்தியைத் தொட்டது. ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200!

அப்புறம் நடந்தது ஜேம்ஸ்பாண்ட் படம். அந்தக் கம்பெனியின் நட்சத்திர ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். பெர்லின் சுவர் எழும்பிச் சில வாரங்களே ஆன நிலையில், 1961 செப்டம்பரில் அவருடைய மனைவி, குழந்தைகளைக் கார் டிக்கியில் ஒளித்துவைத்துக் கடத்திக்கொண்டு வந்தார்கள். ஸ்வீடன் ரேஸுக்குப் போன டெக்னர் ஊர் திரும்பவே இல்லை. போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுஸுகி. கையோடு காடனின் வித்தையும் போயிற்று. 1962-ல் சுஸுகி பைக்கில் 50 சிசி உலக சாம்பியன் ஆனார் டெக்னர். ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகளின் பொற்காலம் அதற்கப்புறம்தான்.

ஒருவன் நாட்டைவிட்டு ஓடுகிற அளவுக்கு மதிப்புள்ள ரகசியம் ஒரு புகைக்குழாயில் இருந்திருக்கிறது. அந்தக் குழாயைத்தான் நம் ஊரில் அறுத்து, உள்ளே இருப்பதை உருவிப் போட்டுவிட்டு, 'சத்தம் செமயா இருக்குல்ல?' என்றோம்!

இன்றைய வண்டியில் கதையே வேறு

என் மச்சினன் வைத்திருப்பது பி.எஸ். 6 வண்டி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த விதி. இதில் கார்புரேட்டர் இல்லை, ஜெட் மாற்றிச் சமாளிக்கிற வேலையும் இல்லை. புகை வழியில் ஆக்ஸிஜன் ஸென்ஸர் ஒன்று உட்கார்ந்துகொண்டு, 'பெட்ரோல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கூடவே கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு மாதிரியான ஒரு கட்டைக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. பல்லேடியமும் ரோடியமும் தங்கத்தையே சில சமயம் விலையில் முந்தியவை. கார்பன் மோனாக்ஸைடு போன்ற விஷங்களை ஊருக்குள் விடாமல் வடிகட்டுவது இதுதான்.

பல வண்டிகளில் இந்தக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலோ, சைலன்ஸருக்கு உள்ளேயோ இருக்கிறது. 'முழு செட் மாத்திரலாம் ஸார்' என்று கடைக்காரர் சொன்னால், அதையும் சேர்த்துக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியலாம். புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் மெஷின் உதட்டைப் பிதுக்கும். வாரன்ட்டியில் கம்பெனி கையை விரிக்கும். ஆக்ஸிடென்ட் க்ளைம் என்று போய் நின்றால், இன்ஷூரன்ஸ்காரர்கள் 'எங்களிடம் சொல்லாமல் ஏன் மாற்றினீர்கள்?' என்று ஆரம்பிப்பார்கள்.

சட்டம் இன்னும் கறார். 2005 ஏப்ரலில் அமலுக்கு வந்த அளவுப்படி, கம்பெனியிலிருந்து வரும் டூவீலர் 80 சிசி வரை 75 டெசிபல், 80-லிருந்து 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். உள்ளே ஒன்றுமில்லாத குழாய் 97-ஐத் தொட்டால்? வெறும் 20 தானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. 20 என்றால் நூறு மடங்கு. ஒரே தெருவில், ஒரே நேரத்தில், நூறு புது பைக் முறுக்கிக்கொண்டு போனால் என்ன சத்தமோ அதை நீங்கள் ஒருத்தர் தனியாகத் தருகிறீர்கள். உழைப்பாளி!

நான் மாட்டியது 2018-ல். சோதனையில் நிறுத்தினார்கள். "கம்பெனி சைலன்ஸர்தான் ஸார்" என்றேன் கூசாமல். ஏட்டையா லத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்து பஞ்சு வந்தது. "கம்பெனி தலகாணியா?" என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல் அப்போது முதல் தடவைக்கு 1,000 ரூபாய் அபராதம். இன்றைக்கு நினைத்தால் அது தள்ளுபடி விற்பனை! 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அதே பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குக் கட். வண்டியைச் சட்டத்துக்குப் புறம்பாக மாற்றியதற்கு 182ஏ பிரிவில் தனியாக ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியைத் திருத்தக்கூடாது என்று, கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. பல ஊர்களில் பறிமுதல் செய்த சைலன்ஸர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவை சைலன்ஸ் ஆவது அப்போதுதான்.

பி.காம். படித்த பாவத்துக்கு...

உணர்ச்சியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் காமர்ஸ் படித்தவன். பற்று வரவு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆறு மாதம், 6,000 கிலோமீட்டர். இதோ கணக்கு:

சைலன்ஸர்: 2,800
மாட்டுக் கூலி, பிராக்கெட் வெல்டிங்: 300
ஜெட், இரண்டு முறை ட்யூனிங்: 450
கூடுதல் பெட்ரோல் 21 லிட்டர், 78 ரூபாய் வீதம்: 1,638
அபராதம்: 1,000
மறுபடி கம்பெனி சைலன்ஸர்: 4,200
அதை மாட்டக் கூலி: 200
மொத்தம் பற்று: 10,588

வரவு: கழற்றிய பழைய சைலன்ஸரை எடைக்குப் போட்டது 150. 'போவிச்'சை ஒரு அப்பாவிக்கு விற்றது 400. (மன்னித்துவிடு தம்பி!) மொத்தம் 550.

நிகர நஷ்டம்: 10,038 ரூபாய்.

கிடைத்த லாபம்? ஆறு மாதம் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்த முகபாவத்தோடு பார்த்தார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவையும் மச்சினனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அதெல்லாம் லோக்கல் சரக்கு மாமா. நான் நல்லதா ஆர்டர் போடறேன்" என்றான். இருபத்து மூன்று வயது. அந்த வயதில் என்னிடம் யாராவது கணக்கு காட்டியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உள்ளே கட்டிலில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தைந்து வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையும் உதட்டு அசைவும்தான் பாஷை. 90 டெசிபலுக்கு மேல் சர்வ சாதாரணமாக இருக்கும். 85-ல் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு, நூறு என்றால் பதினைந்தே நிமிஷம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதாரத் துறையின் கணக்கு. இங்கே அவர் பார்த்தது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். உள்காதில் மயிரிழை மாதிரி இருக்கிற செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. வலிக்காது, ரத்தம் வராது. முதலில் குருவிச் சத்தம் போகும். அப்புறம் பெண்கள், குழந்தைகள் குரல். டி.வி. வால்யூம் ஒவ்வொரு வருஷமும் ரெண்டு கட்டை ஏறும். 'எல்லாரும் ஏன் முணுமுணுன்னு பேசறீங்க?' என்று கோபம் வரும்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, மதியத்தில் அவர்தான் தொட்டில் பக்கத்தில் காவல். குழந்தை அழுதால் அவருக்குக் கேட்காது. அதனால் தொட்டில் சேலையின் ஒரு முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தை அசைந்தால் கை அறியும். அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

நாங்கள் பேசியதை உதட்டசைவிலேயே பிடித்துவிட்டார் போல. மகனைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் பேசுகிற உரத்த குரலில்:

"அதுக்கு எவ்வளவுடா ஆகும்?"

"பன்னண்டாயிரம்ப்பா."

"பன்னண்டாயிரமா!" கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ற காதை எடுத்துக்கிட்டு எனக்குக் கூலி குடுத்தாங்க. அதுல உன்னையப் படிக்க வெச்சேன். நீ கூலியவும் குடுத்து, காதையும் குடுக்கறயா சாமி?"

யாரும் பேசவில்லை. வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது.

மச்சினன் ஆர்டர் போட்டானா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்தான். அவன் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது!

<b>மாற்றித்தான் தீருவேன் என்கிறவர்களுக்கு...</b>

* சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதா? அதே மாடலின் கம்பெனி சைலன்ஸரையே வாங்குங்கள். அதற்கு முன், பெண்ட் பைப் சேருகிற இடத்தில் கேஸ்கெட் போயிருக்கிறதா பாருங்கள். சில ரூபாயில் முடிகிற வேலைக்குச் சில ஆயிரம் செலவழித்தவர்கள் உண்டு.

* வண்டி 'இழுக்கவில்லை' என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிளக், செயின், டயர் காற்று. இந்த நாலையும் பார்த்தாலே பழைய பிக்கப் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

* 'டிபி கில்லர்' என்று வாயில் ஒரு அடைப்பான் தருவார்கள். சத்தம் குறையும். அதனால் சட்டப்படி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

* கழற்றிய கம்பெனி சைலன்ஸரை எடைக்குப் போடாதீர்கள். 150 ரூபாய்க்கு விற்று 4,200-க்கு வாங்கியவன் சொல்கிறேன்!

* நிஜமாகவே ரேஸ் வெறியா? கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ரேஸ் கார்களைத் தானே கட்டிய கரிவரதன் நினைவாக 2003-ல் திறந்தது. நம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். கேட்கிற குழாயை மாட்டிக்கொண்டு கத்துவதற்கு அதுதான் இடம். அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.